மூவிலை பூக்கட்டும்

எனக்கு ஒரு தையல் அறை கிடைக்குமா, கிடைக்காதா என்று முடிவு செய்யும் அதிகாரம் எங்கள் வீட்டில் ஒரு செடியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. என்னிடம் இல்லை, என் கணவரிடமும் இல்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத செடி. அது முதலில் பூக்க வேண்டும். பூத்தபின் தலையைக் குனிகிறதா, நிமிர்த்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பொறுத்து நான் ஒரு மேசை போட்டு உட்காரலாமா கூடாதா என்பது தெரியவரும். இப்படி ஒரு ஏற்பாட்டை ஒப்புக்கொண்டவள் புத்திசாலி என்று நானே சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்காது.

நான் தையற்காரி. என் மெஷின் கிடப்பது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள இடைவழியில். குளிக்கப் போகிறவர்கள் என் முதுகை உரசிக்கொண்டு போவார்கள். குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்தோடு உரசிக்கொண்டு வருவார்கள். துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். அதனால் யாருடைய கோட்டாவது முழுதாக வெட்டி முடியும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் பசிக்கக் கூடாது. அளவு பார்க்க வருகிறவர்கள் எங்கள் படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நிற்பார்கள். பாதி தைத்த கவுனோடு நிற்கிற கல்யாணப் பெண்கள் என் கணவரின் மண் தொட்டிகளைக் காலால் தள்ளிவிடாமல் திரும்பிக் காட்டக் கற்றுக்கொண்டார்கள்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். காலையிலிருந்து மாலைவரை "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று ஊராரைக் கேட்பதுதான் அவருக்கு வேலை. அவர் மட்டும் எதையும் தெளிவில்லாமல் சொல்ல மாட்டார். தூரத்தில் வருவது பஸ் என்று நான் சொன்னால், நம்பர் தெரிகிற வரைக்கும் பஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நல்ல மனிதர். பொய் என்பது அவருக்கு அறவே வராது. வராது என்பதையே ஒரு பெருமையாக வைத்துக்கொண்டு என் அக்கா தைத்த உடுப்பைப் பற்றி அவளிடமே கருத்துச் சொல்லிவிட்டு வருவார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று பெரிய மரங்களோடு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் காடு. காடு என்றதும் பயந்துவிட வேண்டாம். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் வழி தவறாமல் திரும்பி வரக்கூடிய காடுதான். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'காட்டுப்பூ நண்பர்கள்' என்று ஒரு கூட்டம் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தது. எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து உதவி செய்யப் போனார் இவர். திரும்பி வரும்போது கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிடி விதை இருந்தது.

கொடுத்தது அந்தக் கூட்டத்தின் தலைவி. கழுத்தில் கயிறு கட்டிப் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருப்பார். எங்கள் வீட்டில் அவருக்கு லென்ஸ் அம்மா என்று பெயர். அந்த விதை காட்டு மூவிலையின் விதை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடி, மர நிழலில் மட்டும் வரும், இப்போது அபூர்வமாகிவிட்டது. விதைத்தால் பூக்க ஏழு வருஷம்கூட ஆகலாம் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். ஏழு வருஷம் என்று காதில் விழுந்ததும் சாதாரண மனிதர்கள் விதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தார்.

காட்டு மூவிலையின் சமாச்சாரம் இதுதான். குளிர் விட்டதும், மரங்கள் தளிர் விடுவதற்கு முன்னால், ஒரே தண்டு மேலே வரும். தண்டின் உச்சியில் மூன்று இலைகள். நடுவிலிருந்து ஒரே ஒரு வெள்ளைப் பூ. அந்தப் பூவும் இலைக்கு மேலே நிற்காது. காம்பை வளைத்துக்கொண்டு இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பார்க்க வேண்டுமென்றால் தரையில் படுக்க வேண்டும். யாரும் என்னைப் பார்க்க வேண்டாம் என்று பூக்கிற பூ அது. பார்த்தே தீருவேன் என்று படுக்கிற ஆள் இவர். கோடை வந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகி மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். வருஷத்தில் பெரும்பகுதி எங்களிடம் காட்டுவதற்கு இருந்தது வெறும் மண்தான். அதையும் விடாமல் விருந்தாளிகளுக்குக் காட்டினார்.

"இங்கதான் இருக்கு," என்பார்.

"எங்க?"

"உள்ள."

விருந்தாளிகள் என்னைப் பார்ப்பார்கள். நான் காபி கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போய்விடுவேன்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தோட்டத்து மூவிலை என்று இன்னொன்று இருக்கிறது. எங்கிருந்தோ யாரோ அழகுக்குக் கொண்டுவந்து வைத்து, வேலி தாண்டி ஓடி, கண்ட இடத்தில் முளைக்கிற செடி. அதே தண்டு, அதே மூன்று இலை. இலையை வைத்து இது எது, அது எது என்று சொல்லவே முடியாதாம். பூ வந்தால்தான் தெரியும். அதன் பூ குனியாது. இலைக்கு மேலே விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். இதை எனக்கு அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: குனிந்தால் காடு, நிமிர்ந்தால் தோட்டம்.

விதைத்த மறுவருஷமே ஒரு தண்டு மூன்று இலையோடு வந்து நின்றது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்து நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினார். "அதுக்குள்ள மூணு இலையா?" என்று லென்ஸ் அம்மா கேட்டிருந்தார். "எங்க மண்ணு அப்படி," என்று பதில் போட்டார். பஸ்ஸுக்கு நம்பர் கேட்கிற மனிதர், தன் செடி விஷயத்தில் மட்டும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே அது போகிற ஊரையும் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அந்தச் செடிக்கு நடந்த உபசாரம் எனக்குப் பிரசவமானபோதுகூட நடக்கவில்லை. உதிர்ந்த இலைகளைச் சலித்துப் பரப்புவார். நத்தையைக் கையால் எடுத்துப் போய்க் காட்டில் விட்டுவிட்டு வருவார். கடையில் கண்ணாடிச் சட்டத்தின் பொடி ஆணியை எடுக்க ஒரு சாமணம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, செடியைச் சுற்றி மெலிசாக ஒற்றை இலையோடு எது தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்குவார். ஒவ்வொரு வருஷமும், ஒன்று விடாமல். அத்தனை சுத்தம் எங்கள் படுக்கையறையிலும் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

ஒரு நாள் வாயைத் திறந்தேன். இடைவழியில் கஞ்சி போட்டு வைத்திருந்த வெள்ளைக் கவுன்மேல் என் மகள் ஈரத் தலையோடு சாய்ந்துவிட்டாள். "நான் என்னம்மா பண்றது, பறந்தா போக முடியும்?" என்று அவள் கேட்டதும் நியாயம்தான். அன்றைக்கே இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அளந்தேன். வீட்டுச் சுவரையொட்டி, மரங்களுக்கு முன்னால், ஒரு அறைக்குக் கச்சிதமாக இடம் இருந்தது. அந்த இடத்தின் நடுவில் அவருடைய பாத்தியும் இருந்தது.

"செடியப் பேத்து மரத்தடியில வச்சுக்கங்க," என்றேன்.

"காட்டு மூவிலைய அசைக்கக் கூடாது. வேரத் தொட்டா போயிரும்."

"அது காட்டு மூவிலைன்னு யாரு சொன்னா? பூவே வரலயே."

இது அவருடைய சட்டம். அவர் சட்டத்தாலேயே அவரை மடக்கியதில் எனக்கு ஏகப்பட்ட திருப்தி. அவர் பாத்தியைப் பார்த்தார், என் இன்ச் டேப்பைப் பார்த்தார்.

"சரி. பூக்கட்டும். காட்டு மூவிலைன்னா இடம் அதுக்கு. தோட்டத்து மூவிலைன்னா நானே பிடுங்கிப் போட்டுட்டு உனக்கு ரூம் கட்டித் தரேன்."

"பூக்க எத்தன வருஷம் ஆகும்?"

"வந்துரும்."

வரவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் மூன்று இலை வரும், மொட்டு வராது. நான் இடைவழியில் தைத்துக்கொண்டே அது களையாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு அப்பாவிச் செடியை இப்படிச் சபித்தேனே என்று வருத்தமெல்லாம் இல்லை. என் கழுத்து வலித்தது. எனக்கு அறை வேண்டும்.

இந்த வருஷம் மொட்டு வந்தது.

இவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் அலைந்தார். கதவை அடித்துச் சாத்தக் கூடாது என்று மகளுக்கு உத்தரவு. கடைக்கு லீவு. மொட்டு விரிகிற அன்று விடிந்ததும் போய்ப் படுத்துக்கொண்டார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பூ மூன்று இலைக்கும் மேலே, போலீஸ்காரர் மாதிரி நிமிர்ந்து நின்றது. என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்கவில்லை. நாகரிகமாகப் பின்கதவைத் திறந்து, "என்ன, பூத்துடுச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் குனியல," என்றார். "இப்பத்தானே விரிஞ்சிருக்கு. குனியும்."

மறுநாள் காற்று இல்லாததால் குனியவில்லை. அதற்கு மறுநாள் காற்று அதிகமாக இருந்ததால் குனியவில்லை. பூவுக்கு எடை ஏறட்டும் என்றார். ஊராருக்கெல்லாம் "சும்மா யூகிக்காதீங்க, தெரியற எழுத்த மட்டும் படிங்க" என்று சொல்கிறவர், கண்ணெதிரே நிற்கிற பூவைப் படிக்க மறுத்துக்கொண்டிருந்தார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு லென்ஸ் அம்மாவுக்கு நானே போன் போட்டேன்.

அவர் வந்தார். பூதக்கண்ணாடியைக் கையில்கூட எடுக்கவில்லை.

"தோட்டத்து மூவிலைங்க இது," என்றார். "யாரு தோட்டத்திலேர்ந்தாவது கிழங்கு ஓடி வந்திருக்கும். அது இருக்கட்டும், நான் குடுத்த விதை எங்க?"

"இதுதாங்க அது," என்றார் இவர்.

"விதையிலேர்ந்து வர்றதுக்கு மூணு இலை எடுத்த எடுப்பிலே வராதே. முதல்ல ஒத்த இலைதான் வரும். மெலிசா, புல்லு மாதிரி. ரெண்டு மூணு வருஷம் அப்படியேதான் இருக்கும். அதுக்கப்புறந்தான் மூணு இலையாகும். ஒத்த இலையா ஒண்ணுமே வரலயா உங்க பாத்தியில?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையில் சாமணத்தின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லென்ஸ் அம்மா அதைப் பார்த்தார், சுத்தமான பாத்தியைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"எல்லாத்தையுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வருஷா வருஷம்," என்றார் இவர்.

அபூர்வமான காட்டுச் செடி ஒன்றை விதைத்து, முளைத்ததை முளைக்க முளைக்கச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்து, நடுவில் நின்ற களைக்கு நத்தை கடிக்காமல் காவல் இருந்திருக்கிறார். அலட்சியமான ஆளாக இருந்திருந்தால் பாத்தி நிறையக் காட்டு மூவிலை நின்றிருக்கும். இவ்வளவு அக்கறையான ஆளால்தான் இவ்வளவு துப்புரவாக அழிக்க முடிந்தது. இதைச் சொல்லிக் காட்ட என் நாக்கு துடித்தது. ஆனால் அவர் முட்டி போட்ட இடத்தை விட்டு எழுந்திருக்காமல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்; எனக்கு வாய் வரவில்லை.

"மூவிலை விதைய எறும்பு இழுத்துட்டுப் போகும். தப்பினது ஒண்ணு ரெண்டு இருக்கலாம், காட்டுப் பக்கமா தேடிப் பாருங்க," என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு லென்ஸ் அம்மா கிளம்பினார். இவர் அன்று சாயங்காலம்வரை வேலிக்கு அந்தப் பக்கம் தவழ்ந்து தேடினார். எதுவும் இல்லை. இருட்டுவதற்கு முன் வந்து, மண்வெட்டியை எடுத்து, தன் தோட்டத்து மூவிலையைத் தானே வெட்டி எடுத்தார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

"கொத்தனார வரச் சொல்லிட்டேன்," என்றார் சாப்பிடும்போது.

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த பிறகு கெக்கலி கொட்டலாம் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் உபயோகப்படவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் கடைக்குப் போய் வந்து, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை, பாவம். அப்படிப் பார்த்ததில், நான் ஊசியில் நூல் கோக்க முடியாமல் மகளைக் கூப்பிடுவது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி?"

"நூலு தெரியாம."

"இந்த பல்பு வெளிச்சத்துல யாருக்குத் தெரியும்?"

மறுநாள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் அந்த உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். இரண்டுமே தெளிவில்லை என்றேன். கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். ஊர்க்கண்ணையெல்லாம் பார்த்துவிட்டு, இலைக்கு அடியிலும் பார்த்துவிட்டு, பக்கத்தில் படுக்கிறவளின் கண்ணைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். அதை அவரே கண்டுபிடித்துவிட்டதால் நான் எதுவும் சொல்லவில்லை. அதைவிடக் கடுமையாக என்னால் சொல்லியிருக்கவும் முடியாது.

"உனக்கு வெளிச்சம் வேணும்," என்றார் திரும்பி வரும்போது. "பெரிய ஜன்னலா வச்சிரலாம்."

கொத்தனார் வந்தார். முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். எனக்குச் சிரிப்பு வாய்கொள்ளவில்லை. வெட்டுகிற மேசை இங்கே, மெஷின் அங்கே, ஜன்னலுக்குக் கீழே நூல்கண்டுகள் என்று மண்மேல் நடந்து காட்டினேன். என் மேசை நீள மேசை. ஒரு திரைச்சீலையை மடிக்காமல் விரித்து வெட்ட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. அது நேராக உள்ளே வருமா என்று பார்க்க இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டே மரங்களைப் பார்த்த முன்சுவருக்கான கயிற்றுவரைக்கும் போனேன். அங்கே ஒரு மரத்தின் வேர் மண்ணுக்கு மேலே புடைத்துக்கொண்டு வந்திருந்தது. வேருக்கு மறுபக்கம், கயிற்றுக்கு நேர் கீழே, மூன்று இலை.

புதுக் கண்ணாடி போட்டிருந்தேன். எல்லாம் துல்லியமாகத் தெரிந்து தொலைத்தது. இலைக்கு மேலே ஒன்றும் இல்லை. குனிந்தேன், போதவில்லை, முட்டி போட்டேன், போதவில்லை. பிறகு நானும் படுத்தேன். இலைக்கு அடியில், காம்பை வளைத்துக்கொண்டு, முகத்தை மண்ணுக்குக் காட்டியபடி வெள்ளையாக ஒரு பூ. அவர் சாமணம் எட்டாத இடம். எறும்பு வேலிக்கு இந்தப் பக்கமும் நடக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏன், இன்னும் ஒரு வருஷம் கழித்துப் பூத்தால் என்ன? அதற்குள் சுவர் எழும்பியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

"என்ன, பட்டன் விழுந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இவர் வந்தார்.

எழுந்து நின்று மறைத்திருக்கலாம். பாவாடையின் அகலம் போதும். ஆனால் நான் நகர்ந்து இடம் விட்டேன். அவர் என் பக்கத்தில் படுத்தார்.

ரொம்ப நேரம் படுத்திருந்தார். அவர் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. ஒரு விரலால் இலையைத் தூக்கிப் பார்த்தார், காம்பைப் பார்த்தார், விரலை எடுத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து செடிக்கு மேலே போகிற கயிற்றைப் பார்த்தார். அப்புறம் என் மூக்கின்மேல் இருந்த புதுக் கண்ணாடியைப் பார்த்தார்.

"களை," என்றார்.

காது நுனிவரைக்கும் சிவந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்; எங்கே பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. சொன்னது போதாதென்று கையையும் நீட்டினார், பிடுங்குவதற்கு. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டு, தெளிவாக இருந்ததெல்லாம் கலங்கிவிட்டது.

"கொத்தனாரே," என்று கூப்பிட்டேன். "இந்தக் கயித்த உள்பக்கமா தள்ளிக் கட்டுங்க."

"ரூமு குறுகிப் போயிரும்மா. நீங்க சொன்ன மேச நேரா உள்ள வராது."

"குட்ட மேச போட்டுக்கறேன். நீங்க தள்ளுங்க."

கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே முளைக்குச்சியைப் பிடுங்கினார். இவர் இன்னும் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார், என் கையை விடாமல்.

"களைதான்," என்றார் மறுபடியும்.

"தெரியும்," என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்."